கண்ணீர் டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் கண் எரிகிறது. இந்தப் புரதச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

எரிவிழி (இழையைத் தொடங்கியவர்)

எட்டு மாதமாகக் கண் எரிச்சல். மணல் விழுந்த மாதிரி உறுத்தல், மாலை நாலு மணிக்கு மேல் திரையைப் பார்த்தால் எழுத்து மங்கி மங்கித் தெளிகிறது, காரில் ஏசி முகத்தில் அடித்தால் பொலபொலவென்று கண்ணீர் கொட்டுகிறது. இப்படிக் கொட்டுகிற கண்ணுக்குப் பெயர் "வறண்ட கண்" என்று முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டேன். டாலஸில் இருக்கிறேன், வேலை முழுக்கக் கணினி முன்னால்தான்.

போன வாரம் ஒரு கண் மருத்துவமனையில் புதிதாக ஒரு சோதனை செய்தார்கள். கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரியே ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தில் ஒற்றி எடுத்து, ஏதோ திரவத்தில் முக்கி, பத்து நிமிடம் மேசையில் வைத்தார்கள். நீலக் கோடு மட்டும் வந்தது. "எம்எம்பி-9 நெகட்டிவ், அழற்சி இல்லை, செயற்கைக் கண்ணீர் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கிரீனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். குறைத்தால் சம்பளம் யார் தருவார்கள் என்று கேட்கவில்லை.

கண்ணீரில் இருக்கிற ஏதோ ஒரு புரதத்தை வைத்து உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆய்வகத்தில் இருப்பவர்கள், கண் துறையில் இருப்பவர்கள் யாராவது விளக்குங்கள்.

சும்மா_பார்ப்பவன்

கண்ணீர்தானே வேண்டும், எங்கள் அம்மா ராத்திரி எட்டு மணி சீரியலுக்கு விடுகிறதைப் பிடித்து அனுப்பவா, ஒரு ஊருக்கே டெஸ்ட் செய்யலாம்.

பைப்பெட்_பாண்டி

மேலே நண்பர் விளையாட்டாகச் சொன்னாலும் அதில்தான் விஷயமே இருக்கிறது. சீரியல் கண்ணீரும், வெங்காயக் கண்ணீரும், சும்மா இருக்கும்போது கண்ணை நனைத்து வைத்திருக்கிற கண்ணீரும் ஒன்றல்ல. நான் புரோட்டியோமிக்ஸ், அதாவது புரதங்களை ஆராய்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன், ஐந்து வருடமாக அடுத்தவர் கண்ணீரில்தான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணின் மேல் எந்த நேரமும் இருக்கிற கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். நீங்கள் குப்பியிலிருந்து விடுகிற ஒரு சொட்டு மருந்து 30 முதல் 50 மைக்ரோலிட்டர். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த 7 மைக்ரோலிட்டரில் புரதம் தாராளமாக இருக்கிறது, ஒரு மில்லிலிட்டருக்கு 6 முதல் 10 மில்லிகிராம் என்ற கணக்கில். அதில் பெரும் பங்கை நாலு பேர் பிடித்துக்கொள்கிறார்கள்: லைசோசைம், லாக்டோஃபெரின், லிப்போகாலின், சுரப்பு ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதம். லைசோசைம்தான் மூத்தவர். பெனிசிலினுக்கு முன்பே, 1922-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைப் பற்றி எழுதிவிட்டார். கண்ணீர் வேண்டும் என்று எலுமிச்சைத் தோலை உடன் வேலை செய்தவர்கள் கண்ணில் பிழிந்தார் அந்த மனிதர். இன்றைக்கு நெறிமுறைக் குழுவிடம் இப்படி ஒரு விண்ணப்பம் கொடுத்தால் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

இந்த நாலு பேர் போக மீதியெல்லாம் கூட்டத்தில் ஒளிந்திருப்பவை. 2006-இல் வெளியான ஒரு பட்டியலில் 491 புரதம் இருந்தது, 2012-இல் சிங்கப்பூர்க் குழு ஒன்று 1543 எண்ணிவிட்டது. உங்களுக்குப் பார்த்த எம்எம்பி-9 அந்தச் சில்லறைக் கூட்டத்தில் ஒன்று. கத்தரிக்கோல் வேலை செய்கிற நொதி. கருவிழியின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கிற தையலைப் பிரித்துவிடும். கண்ணின் மேற்பரப்பு அழற்சியில் இருந்தால் அது கூடும். அந்த அட்டையின் எல்லைக்கோடு ஒரு மில்லிலிட்டருக்கு 40 நானோகிராம், அதற்கு மேல் இருந்தால் சிவப்புக் கோடு வரும். கண்ணீரின் மொத்தப் புரதத்தோடு ஒப்பிட்டால் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதை நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் 40 என்ற எல்லை இருக்கிறதே, 60 இருக்கிற கண்ணில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் 30 ஆகிவிடும். கோடு வராது. நோய் அப்படியே இருக்கும்.

எரிவிழி, ஒரு கேள்வி. அன்றைக்கு எந்தச் சோதனையை முதலில் செய்தார்கள், எதை அடுத்து? வரிசையாகச் சொல்லுங்கள்.

எரிவிழி

வரிசையா? சரி, யோசித்துச் சொல்கிறேன். முதலில் எழுத்துப் பலகை. அப்புறம் கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை மடித்து மாட்டி ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள், அது உறுத்தி எடுத்துவிட்டது. கன்னம் வரை வழிந்தது, உதவியாளர் டிஷ்யூ கொடுத்தார். அப்புறம் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கடைசியாகத்தான் இந்த அட்டை. இன்னொன்று, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்கு முன் வழக்கம்போல ஒரு சொட்டு செயற்கைக் கண்ணீர் விட்டுக்கொண்டேன். இது முக்கியமா?

கண்ணாடிக்காரி

ஐயோ!

ஆப்டோமெட்ரிஸ்டாக (கண் பரிசோதகர்) இருக்கிறேன், இதே அட்டையைத் தினம் கையாள்கிறேன். எரிவிழி அக்கா, உங்களுக்குச் செய்தது தலைகீழ் வரிசை. இந்த ஒற்றல்தான் முதலில் நடக்க வேண்டும். மரத்துப்போகிற சொட்டு, சாயம், ஷிர்மர் காகிதம் (கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க உங்கள் இமையில் மாட்டினார்களே, அது) எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்தச் சோதனையின் வழிமுறைத் தாளிலேயே இருக்கிறது, ஆனால் கூட்டமாக இருக்கிற நாளில் யார் எந்த அறையில் காலியாக இருக்கிறார்களோ அதை முதலில் செய்துவிடுகிறார்கள். எங்கள் இடத்தில் சொட்டு விட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது உட்கார வைப்போம், இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வோம். திட்டு வாங்குவோம், அது வேறு.

ஒற்றுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. கீழ் இமையின் உள்பக்கத்தில் ஆறு முதல் எட்டு இடத்தில் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நுனியில் இருக்கிற வெள்ளைப் பஞ்சு நன்றாக நனைந்தால் பளபளப்பாகி லேசாக ரோஜா நிறம் காட்டும். அப்படிக் காட்டாமல் காய்ந்த பஞ்சையே அட்டையில் சொருகினாலும் நீலக் கோடு வரும், ஏனென்றால் நீலக் கோடு அட்டை வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. மாதிரி போதுமான அளவு வந்ததா என்பதை அது சொல்லாது. ரொம்ப வறண்ட கண்ணில் ஒற்ற ஒன்றுமே இருக்காது, அங்கேயும் பொய் நெகட்டிவ் வரும். யாருக்கு நோய் முற்றியிருக்கிறதோ அவர்களுக்கே "ஒன்றும் இல்லை" என்று வருவது எவ்வளவு கொடுமை பாருங்கள்.

மங்கலாகச் சிவப்புக் கோடு வந்தால் அதுவும் பாசிட்டிவ்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

பைப்பெட்_பாண்டி

நான் கேட்க நினைத்ததைத் தங்கை சொல்லிவிட்டார். முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்கு இதற்குத்தான். 7 மைக்ரோலிட்டர் இருக்கிற குட்டையில் 40 மைக்ரோலிட்டர் சொட்டு. பெரும்பகுதி வழிந்தும் மூக்கு வழியாகவும் போய்விடும், ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குக் குட்டையில் இருப்பது உங்கள் கண்ணீர் இல்லை, கம்பெனித் தண்ணீர்.

உறுத்தலுக்கு வருகிற கண்ணீரும் அப்படித்தான், ஆனால் அங்கே ஒரு வேடிக்கை உண்டு. கண்ணீர்ச் சுரப்பியே தயாரிக்கிற லைசோசைம், லாக்டோஃபெரின், லிப்போகாலின் இந்த மூன்றும் கண்ணீர் வேகமாகச் சுரந்தாலும் ஏறக்குறைய அதே அடர்த்தியில் வருகின்றன. ஐஜிஏ மட்டும் நீர்த்துப்போகும். தூங்கி எழுந்தவுடன் எடுத்தால் நேர்மாறு, மூடின கண்ணில் ஐஜிஏவும், இரத்தத்திலிருந்து கசிகிற அல்புமின் என்ற புரதமும் ஏறிக்கிடக்கும். காகிதத்தில் எடுத்தால் அது சவ்வைத் தொட்டு உராய்வதால் அல்புமின் கூடுதலாக வரும், மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்தால் குறைவாக வரும். ஒரே ஆள், ஒரே கண், ஒரே நாள், மூன்று விதமாக எடுத்தால் மூன்று விடை. நான் முதல் வருடம் முழுக்க என் முடிவுகள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் காலையில் ஒரு மாணவர் குழாயில் எடுத்திருக்கிறார், மதியம் இன்னொருவர் காகிதத்தில் எடுத்திருக்கிறார். மைனஸ் 80 டிகிரி பெட்டியில் எல்லாம் ஒரே மாதிரி லேபிள் ஒட்டி அழகாக உட்கார்ந்திருந்தன.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி, நான் ஒன்று கேட்கிறேன். பாசிட்டிவ் வந்தாலும் சொட்டு மருந்து, நெகட்டிவ் வந்தாலும் சொட்டு மருந்து. அப்புறம் எதற்கு இந்தச் செலவு? 85 சதவீதம் கண்டுபிடிக்கும், 94 சதவீதம் தவறாகச் சொல்லாது என்று விளம்பரத்தில் பார்த்தேன். இவ்வளவு துல்லியம் என்றால் எரிவிழிக்கு ஏன் தெரியவில்லை?

பைப்பெட்_பாண்டி

> 85 சதவீதம் கண்டுபிடிக்கும், 94 சதவீதம் தவறாகச் சொல்லாது

அந்த எண்கள் 2013-இல் வந்த ஆய்விலிருந்து. கருவியைச் செய்த நிறுவனத்தின் ஆட்களே பங்கெடுத்த ஆய்வு, அதைத் தப்பு என்று சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். யாரைச் சோதித்தார்கள் என்று பாருங்கள்: அறிகுறியும் இருந்து பரிசோதனையிலும் தெளிவாக வறட்சி தெரிந்தவர்கள் 143 பேர், நல்ல கண் உள்ளவர்கள் 63 பேர். அதாவது ஒரு பக்கம் நன்றாகப் பழுத்தது, இன்னொரு பக்கம் பச்சைக் காய். நடுவில் இருக்கிற செங்காய்தான் நிஜத்தில் மருத்துவமனைக்கு வருகிற கூட்டம். எரிவிழி மாதிரி. அங்கே அதே துல்லியம் கிடைக்காது.

இன்னொன்று, இது "உலர்கண் சோதனை" என்று பெயர் வாங்கிவிட்டது, உண்மையில் அழற்சிச் சோதனை. ஒவ்வாமை, தொற்று, கண் அறுவை செய்த புதிது, எதிலும் பாசிட்டிவ் வரலாம். மாறாக, உலர்கண் இருந்தும் அழற்சி பெரிதாக இல்லாதவர்கள் உண்டு, அவர்களுக்கு நெகட்டிவ் வருவது சோதனையின் தப்பே இல்லை.

செலவைப் பற்றி: பாசிட்டிவ் என்றால் வெறும் செயற்கைக் கண்ணீர் போதாது, அழற்சியை அடக்குகிற சைக்ளோஸ்போரின் மாதிரிச் சொட்டு யோசிக்கலாம் என்பதுதான் பயன். அது விலை அதிகம், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், போட்டவுடன் எரியவும் செய்யும். யாருக்குக் கொடுப்பது என்று தெரிந்து கொடுத்தால் நல்லதுதானே.

கணக்குப்பிள்ளை

செங்காய் உவமைக்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். மீதிக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தேனிக்காரன்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பாவுக்குப் போன தையில் களத்தில் நெல் தூற்றும்போது கண்ணில் உமி விழுந்தது. மூன்று நாள் சும்மா விட்டார், அப்புறம் மெடிக்கலில் கேட்டு ஏதோ சொட்டு வாங்கிப் போட்டார். ஒரு வாரத்தில் கருவிழியில் வெள்ளையாகப் புள்ளி. மதுரைக்குக் கூட்டிப்போனோம். கண்ணை மரக்கவைத்துப் புண்ணைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார்கள், பூஞ்சை என்றார்கள். அப்பா வலியை விட அந்தச் சுரண்டலைத்தான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணீரை எடுத்தே பூஞ்சையா பாக்டீரியாவா என்று சொல்ல முடியாதா?

பைப்பெட்_பாண்டி

அண்ணே, நீங்கள் போன மதுரையிலேயே இதற்கு வேலை நடந்திருக்கிறது. அங்கே பூஞ்சைப் புண் உள்ளவர்களின் கண்ணீரை எடுத்து, நல்ல கண்ணீரோடு எந்தெந்தப் புரதம் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டு 2008-இலேயே வெளியிட்டார்கள். அப்புறம் 2017-இல் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்று. இதை வெள்ளைக்காரன் செய்ய மாட்டான், ஏனென்றால் அவனுக்குக் கருவிழிப் புண் என்றால் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுத் தூங்கியதால் வருகிற பாக்டீரியா. நெல் உமியும் கரும்புத் தோகையும் கண்ணில் அடிப்பது நம் பக்கத்துக் கதை, நம் ஆட்கள்தான் பார்த்தாக வேண்டும்.

ஆனால் இன்றைய நிலைமையில் சுரண்டல்தான் ராஜா. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் சில நிமிடங்களில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்கே தெரியும். புண் வந்த கண்ணின் கண்ணீரில் இருப்பது உடம்பு காட்டுகிற எதிர்ப்பு. வீட்டுக்குள் சண்டை நடக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம், வந்தது எந்தத் திருடன் என்று சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். உறுதியான ஒரு புரத ஜோடி கிடைத்தால் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே ஒரு காகிதத் துண்டை வைத்துப் பார்த்து, உடனே மதுரைக்கு அனுப்பலாம். அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது.

மெடிக்கலில் கேட்டு வாங்கின சொட்டு ஸ்டீராய்டாக இருந்திருக்கலாம். பூஞ்சைக்கு அது விருந்து. யாரும் அப்படி வாங்கிப் போடாதீர்கள்.

தேனிக்காரன்

ஆமாம் தம்பி, குப்பியைப் பார்த்து டாக்டர் அதைத்தான் சொன்னார். இரண்டு மாதம் மணிக்கொரு தரம் நாட்டாமைசின் ஊற்றினோம், பார்வை முக்கால் வந்துவிட்டது. (நாட்டாமைசின் இல்லை, நாட்டமைசின். அப்பா சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே வருகிறது.)

நாக்குவறட்சி

எரிவிழித் தங்கச்சிக்கு ஒரு விஷயம். நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன், எனக்கும் இப்படித்தான் கண்ணில் தொடங்கினது. மூன்று வருடம் கண் டாக்டர்மாரிடமே திரிந்தேன். ஷிர்மர் காகிதம் ஐந்து நிமிடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் நனைந்தது, ஐந்துக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும் என்பார்கள். ஒருவர் லாக்டோஃபெரின் அளந்து பார்த்துச் சரியான குறைவு என்றார். கண்ணீர்ச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம், ஆனால் ஏன் வேலை செய்யவில்லை என்று அது சொல்லாது. கடைசியில் ஒரு வயதான டாக்டர் "தண்ணி இல்லாமல் ஒரு பிஸ்கட் முழுங்க ஏலுமா?" என்று கேட்டார். ஏலாது. உடனே இரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார், உதட்டின் உள்பக்கத்திலிருந்தும் துண்டு எடுத்தார்கள். சோக்ரன் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்குகிற நோய். மூட்டு நோவு, களைப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் விளங்கினது. அந்த நோய்க்குப் பெயர் வந்ததே சுவீடனில் ஒரு கண் டாக்டரின் பெயரில்தானாம். பயப்படச் சொல்லவில்லை, வாய் வறள்கிறதா என்று மட்டும் வடிவாகக் கவனியுங்கோ.

சும்மா_பார்ப்பவன்

என் சித்தப்பாவுக்கு சர்க்கரை. கண்ணீரை வைத்தே சர்க்கரை பார்க்கிற கான்டாக்ட் லென்ஸ் வரப்போகிறது என்று ஒரு காலத்தில் பேப்பரில் எல்லாம் போட்டார்களே, அது என்ன ஆயிற்று?

பைப்பெட்_பாண்டி

கூகுள் 2014-இல் அறிவித்தது, 2018-இல் கைவிட்டுவிட்டார்கள். கண்ணீர்ச் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையும் நம்பும்படியாக ஒத்துப்போகவில்லை. காரணம் கிட்டத்தட்ட எரிவிழியின் கதையேதான்: லென்ஸே உறுத்தும், உறுத்தினால் கண்ணீர் ஊறும், ஊறினால் அளவு மாறும். சர்க்கரையால் விழித்திரை கெடுவதைக் கண்ணீர்ப் புரதத்தில் தேடுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள், ஹங்கேரியில் டெப்ரெட்சன் ஊர்க் குழு ஒன்று விழித்திரைப் படத்தையும் கண்ணீர்ப் புரதங்களையும் சேர்த்துப் பார்த்தது. சித்தப்பாவை வருடம் ஒரு தடவை கண்பாவையைச் சொட்டு விட்டு விரித்து விழித்திரை பார்க்கச் சொல்லுங்கள், இப்போதைக்கு அதுதான்.

எரிவிழி

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன். நேற்று மறுபடி போனேன். முந்தின ராத்திரியிலிருந்து சொட்டு விடவில்லை, உயிர் போய்விட்டது. உள்ளே நுழைந்ததும் "அந்த அட்டையை முதலில் செய்யுங்கள்" என்று கேட்டேன். உதவியாளர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார். பஞ்சு ரோஜா நிறம் ஆகிறதா என்று நானே எட்டிப் பார்த்தேன், ஆயிற்று.

வலது கண்ணில் மங்கலாகச் சிவப்புக் கோடு. இடது கண்ணில் இல்லை.

டாக்டர் இந்தத் தடவை இமை ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். எண்ணெய் மாதிரி வரவேண்டியது பற்பசை மாதிரி வந்தது. எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கிடக்கின்றன, அதனால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது என்றார். சூடான ஒத்தடம், இரண்டு வாரம் மட்டும் லேசான ஸ்டீராய்டு, கூடவே சைக்ளோஸ்போரின். பிஸ்கட் கேள்வியை நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிவிட்டேன் அக்கா, ஒரு பாக்கெட்டே தண்ணீர் இல்லாமல் இறங்கும். இருந்தாலும் இரத்தம் கொடுத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

சரி, தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இமையை அமுக்கிப் பார்த்ததற்கு அட்டை எதற்கு? விரல் போதுமே. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

கண்ணாடிக்காரி

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன் சார், இமையைப் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நெகட்டிவ் கோடு வந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள், அங்கேதான் கெட்டது. அக்கா, வலது கண்ணில் மட்டும் ஏன்? வலது பக்கம் படுத்துத் தூங்குவீர்களா, ஃபேன் எந்தப் பக்கம்?

எரிவிழி

ஃபேன் இல்லை. இதைப் படித்துவிட்டு அலுவலக அறையில் நிமிர்ந்து பார்த்தேன். என் மேசைக்கு நேர் மேலே, வலது பக்கம், ஏசி காற்று வருகிற திறப்பு. எட்டு மாதத்துக்கு முன்தான் இந்த இடத்துக்கு மாற்றினார்கள். அமேசான் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து டேப் போட்டு மறைத்திருக்கிறேன், மேலாளர் என்ன சொல்வாரோ தெரியவில்லை.